அப்பாவைக் காணோம்: திரையில் ஒரு வாயில்லா ஜீவன் நம்மை ஏன் அழவைக்கிறது?

போன கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அக்கா மகன், ஒன்பது வயது, "அம்மாயி, அப்பாவைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க!" என்று அலறிக்கொண்டு திண்ணைக்கு ஓடி வந்தான். அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். என் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஆரு சாமி, போலீசா?" என்று கேட்டுக்கொண்டே போனைத் தேடி எடுத்து மருமகனுக்கு அடித்து, அவர் "நான் கம்பெனிலதான் இருக்கறனுங்க அத்தை, என்னாச்சுங்க?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிடித்துக்கொண்டு போனது மருமகனை இல்லை. ஆறு கால் உள்ள, வானத்தில் பறக்கிற, 10 டன் எடையுள்ள ஒரு காட்டெருமையை. அதன் பெயர் அப்பா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொம்மை எருமைக்கா இந்த அழுகை" என்றார். இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கார்ட்டூனில் ஒரு விலங்கு கஷ்டப்படும்போது அழுகிறவர்களைப் பற்றி மூன்று பேச்சு உண்டு: சோக இசையைப் போட்டு ஏமாற்றுகிறார்கள், விலங்கு பார்க்க அழகாக இருப்பதால் அழுகை வருகிறது, இல்லையென்றால் அழுகிறவர் மனசு பலவீனம். மூன்றும் முழு உண்மை இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை சுருக்கமாக

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்பது 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த அனிமேஷன் தொடர், மொத்தம் 61 பாகங்கள். (நீல நிற மனிதர்கள் வரும் சினிமா வேறு, இது வேறு.) நாயகன் ஆங், 12 வயதுப் பையன், காற்றை வசப்படுத்தத் தெரிந்தவன். நூறு வருடம் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்து வெளியே வருகிறான், வந்து பார்த்தால் அவன் சனம் மொத்தமும் போரில் அழிந்துபோயிருக்கிறது. அவனோடு சேர்ந்து உறைந்து, சேர்ந்து வெளியே வந்தது அவனுடைய காட்டெருமை அப்பா மட்டும்தான். தன் சனத்தோடு வாழ்ந்த வாழ்க்கையில் அவனுக்கு மிச்சம் இருக்கிற ஒரே உயிர்.

இரண்டாம் பருவத்தின் பத்தாவது பாகத்தில், பாலைவனத்தில் ஒரு பெரிய நூலகம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே நண்பர்கள் மாட்டியிருக்கிறார்கள். வெளியே கண் தெரியாத சிறுமி டோஃப் தன் சக்தியால் கட்டடம் மூழ்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து மணல்வாசிகள் வந்து அப்பாவைக் கயிறு போட்டு இழுக்கிறார்கள். கட்டடத்தை விட்டால் நண்பர்கள் போய்விடுவார்கள், விடாவிட்டால் அப்பா போய்விடும். அவள் கட்டடத்தை விடவில்லை. பதினாறாவது பாகம் முழுக்க, காணாமல் போன அப்பா பட்ட பாடு மட்டும்தான்.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் தகப்பனை 'அய்யன்' என்று கூப்பிடுவார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் இங்கே அப்பா என்றால் காட்டெருமை, அய்யன் என்றால் என் தகப்பனார். குழப்பம் இல்லை.

தரையை அடிக்கிற அம்மா

குழந்தை தடுக்கி விழுந்து அழுதால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? "இந்தத் தரைதானே அடிச்சுது? இரு, நான் அடிக்கிறேன்" என்று தரையை இரண்டு அடி அடிப்போம். குழந்தை உடனே சமாதானமாகிவிடும். தரைக்கு வேண்டுமென்றே தள்ளிவிடும் புத்தி இருக்கிறது, அடித்தால் அதற்கு வலிக்கும் என்று அது நம்பியதால்தான் சமாதானமாகிறது. பெரியவர்களும் இதில் பெரிதாக மாறிவிடுவதில்லை. ஸ்டார்ட் ஆகாத பைக்கைத் திட்டாதவர் யார்?

மனிதர் அல்லாத ஒன்றுக்கு மனசும் ஆசையும் கோபமும் இருப்பதாக நாமே கொடுத்துப் பார்ப்பதற்கு 'மனிதச் சாயல் ஏற்றுதல்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், ஒரு பெட்டி. அவ்வளவுதான், முகம் இல்லை, கண் இல்லை, வடிவங்கள் இங்கும் அங்கும் நகர்கின்றன. பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் 'முக்கோணம் நகர்ந்தது' என்கிற மாதிரி எழுதினார். மற்றவர்கள் உயிருள்ளவை என்று எடுத்துக்கொண்டு, பெரியவன் முரடன், சின்னவன் சண்டைக்குப் போகிறான், வட்டம் பயந்து ஒளிகிறது என்கிற ரீதியில் கதையாகவே எழுதிவிட்டார்கள்.

வெறும் வடிவங்களுக்கே இது என்றால், ரோமமும் நாக்கும் பெருமூச்சும் உள்ள ஒரு எருமைக்கு எவ்வளவு செய்வோம்! ஆக, பொம்மைக்கு அழுவது மனசு பலவீனம் என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். மனித மூளை சாதாரணமாக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அழகு சமாச்சாரத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். பெரிய தலை, உருண்டைக் கண், குட்டி மூக்கு இருந்தால் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும், இதைக் 'குழந்தைச் சாயல்' என்று 1943-ல் கொன்ராட் லோரென்ஸ் எழுதினார். அது நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். அழகான நாய்க்குட்டி வரும் பிஸ்கட் விளம்பரத்துக்கு யாரும் அழுவதில்லை.

கிணற்று மேட்டில் ஒருவர், கிணற்றுக்குள் ஒருவர்

எங்கள் ஊரில் எல்லாம் வெட்டுக் கிணறு, அறுபது எழுபது அடி ஆழம். மாடு மேய்ச்சலில் தவறி விழுந்துவிட்டால் ஊரே மேட்டில் கூடும். "ஐயோ, பாவம்" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பவர் உண்டு. அது இரக்கம். இன்னொருவர் இருப்பார், உள்ளே மாடு பாறையில் கால் ஊன்றப் பார்த்து வழுக்கும்போது மேட்டில் நிற்கிற இவருடைய கால் விரல் மடங்கும், மூச்சு நிற்கும். மேட்டில் நின்றாலும் அவர் கிணற்றுக்குள்தான் இருக்கிறார். அடுத்த உயிரின் நிலைமையைத் தன் உடம்பிலேயே உணர்வதுதான் ஒத்துணர்வு.

அழுகை இரக்கத்தால் வருவதைவிட ஒத்துணர்வால்தான் அதிகம் வரும். எனவே கதை சொல்கிறவரின் வேலை நம்மை மேட்டிலிருந்து உள்ளே இறக்குவது. அப்பாவின் பாகத்தில் இதைச் செய்த விதம் எளிமையானது: கூடவே போகிறார்கள். அது வரைக்கும் பெரும்பாலும் ஆங்கின் பக்கம் நின்று கதை பார்த்த நாம், இந்த ஒரு பாகத்தில் ஆங்கை விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் போகிறோம். அது விற்கப்படும்போது நாமும் அங்கேதான், சர்க்கஸில் அதன்மேல் நெருப்பைக் காட்டி மிரட்டும்போதும் அங்கேதான், தப்பித்து யாரோ ஒருவர் கொட்டகையில் வைக்கோலுக்குள் படுத்துக் குட்டிக்காலத்தைக் கனவு காணும்போதும் அங்கேதான். அந்தக் கனவில் சின்ன ஆங் ஒரு ஆப்பிளை நீட்டுகிறான், இனி எப்போதும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். கண் விழித்தால் கொட்டகைக்காரர் தீப்பந்தத்தோடு நிற்கிறார்.

இதுவரை பார்த்தது: எதற்கும் உயிர் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இயல்பாகவே இருக்கிறது, கூடவே கூட்டிக்கொண்டு போனால் அந்த உயிரின் வலி நம் உடம்புக்குள் வருகிறது. ஆனால் இது மனிதப் பாத்திரத்துக்கும் பொருந்தும். விலங்கு மட்டும் ஏன் கூடுதலாக வலிக்கிறது?

வாய் இல்லாததுதான் விஷயமே

'வாயில்லா ஜீவன்' என்று நம் பாட்டிமார்கள் சொல்வதில் பாதி விளக்கம் இருக்கிறது. மனிதப் பாத்திரம் அழுதால் வசனம் பேசும். "எனக்கு யாரும் இல்லை" என்று அது சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது, கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சில சமயம் வசனம் பிடிக்காமலும் போகும். விலங்கு ஒன்றும் சொல்லாது. அந்த இடம் காலியாக இருக்கும். காலி இடத்தை நிரப்புவது நாம். எதை வைத்து நிரப்புவோம்? நம்மிடம் இருப்பதை வைத்துத்தான். நாம் தொலைத்தது, நம்மை விட்டுப் போனது, நாம் சொல்லாமல் விட்டது.

சுமார் நூறு வருடம் முன்பு லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு வேலை செய்து பார்த்தார். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு தடவை ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார், இன்னொரு தடவை ஒரு சவப்பெட்டியை. பார்த்தவர்கள் 'பசியை எப்படிக் காட்டுகிறார், துக்கத்தை எப்படிக் காட்டுகிறார்' என்று நடிகரைப் பாராட்டினார்களாம். முகம் ஒன்றேதான். சினிமாக்காரர்கள் இதைக் குலெஷோவ் விளைவு என்பார்கள். விலங்கின் முகம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், அது எப்போதும் பாதி காலியான முகம்.

அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர். பின்னால் ஆங்குக்குத் தூக்கமில்லாமல் வருகிற ஒரு பிரமையைத் தவிர, அந்தப் பாத்திரம் பேசுவது ஒரு வார்த்தை கிடையாது. உறுமல், முனகல், பெருமூச்சு மட்டும். மற்ற பாகங்கள் ஓடும்போது "என்ன சொல்றான் அவன்?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, அப்பாவின் பாகத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு முழுசாகப் புரிந்த ஒரே பாகம் அதுதான்.

இது நமக்குப் புதுசும் இல்லை. மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு பேசுகிறதா? மணியைத்தான் அடிக்கிறது. அந்தப் பசு அரண்மனைக்குள் போய் நாலு பாட்டுப் பாடி நியாயம் கேட்டிருந்தால் அந்தக் கதை இத்தனை நூற்றாண்டு நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கோயம்புத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் விலங்குகளை வைத்தே படம் படமாக எடுத்துத் தள்ளியவர். 1971-ல் இந்தியில் யானையை வைத்து 'ஹாத்தி மேரே சாத்தி', அடுத்த வருடம் தமிழில் 'நல்ல நேரம்', 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு'. அவர் படங்களில் விலங்கு மனிதன் செய்கிற வேலையைச் செய்யும், வில்லனைத் துரத்தும், அதற்குக் கைதட்டல். ஆனால் அந்த இந்திப் படத்தில் அதே யானை எஜமானனுக்காகக் குண்டடி பட்டு விழும்போது சாமர்த்தியம் எல்லாம் போய் வெறும் ஒரு வாயில்லா உடம்பு கிடக்கும். கண் கலங்குவது அங்கேதான். என்னைக் கேட்டால், விலங்கு எவ்வளவு சாமர்த்தியம் காட்டுகிறதோ அவ்வளவுக்கு நம் கண்ணீர் குறையும், சிரிப்பு கூடும்.

நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது

இப்போது மீதிப் பாதி. கதையில் இருக்கிறவருக்குத் தெரியாத ஒன்று பார்க்கிற நமக்குத் தெரிந்திருந்தால் அதை நாடக முரண் என்பார்கள். கதவுக்குப் பின்னால் வில்லன் நிற்பது நமக்குத் தெரியும், நாயகிக்குத் தெரியாது, அது மாதிரி. மனிதப் பாத்திரத்துக்கு இந்த இடைவெளி தற்காலிகமானது, யாராவது சொல்லிவிட்டால் மூடிவிடும். விலங்குக்கு மூடவே மூடாது. அதனிடம் சொல்லிப் புரியவைக்க வழி இல்லை. நோய்வாய்ப்பட்ட மாட்டுக்கு டாக்டர் ஊசி போடும்போது கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? "உனக்கு நல்லதுக்குத்தான் சாமி" என்று எத்தனை தடவை சொன்னாலும் அதன் கண்ணில் நாம் துரோகிதான்.

அப்பாவின் பாகத்தில் இந்த இடைவெளியை நெருப்பை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், நான் இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் இதைக் கவனித்தேன். முதலில் சர்க்கஸில் நெருப்பு, அது கொடுமை. அடுத்து கொட்டகைக்காரரின் தீப்பந்தம், அது பயம். அதற்குப் பிறகு அடிபட்டு, முள் குத்தி, காட்டில் ஒளிந்துகிடக்கும் அப்பாவை சூக்கி என்ற பெண் கண்டுபிடிக்கிறாள். அவசரப்படாமல் பக்கத்தில் வந்து, முள் எடுத்து, கழுவி விடுகிறாள். இனி ஆங்கிடம் சேர்ந்துவிடும் என்று நாம் மூச்சு விடும்போது எதிரிகள் வந்துவிடுகிறார்கள். அப்பா அவளை விட்டுப் போக மறுக்கிறது. அவள் எரிகிற ஒரு கிளையை எடுத்து அதன் முகத்துக்கு நேராக ஆட்டித் துரத்துகிறாள். அது பறந்து போகிறது.

மூன்றாவது நெருப்பு அன்பு. நமக்குத் தெரியும். அப்பாவுக்கு அது முதல் இரண்டு நெருப்பு மாதிரியேதான் தெரிந்திருக்கும். என் அம்மா அந்த இடத்தில் திரையைப் பார்த்து, "போ சாமி, போயிரு" என்றார். சத்தமாகவே சொன்னார்.

'ஃப்யூச்சராமா' தொடரில் 2002-ல் வந்த நாய்ப் பாகமும் இதே வித்தைதான், இன்னும் குரூரமாக. ஃப்ரை என்பவன் உறைந்துபோய் ஆயிரம் வருடம் கழித்து விழிக்கிறான். தன் பழைய நாயின் உடலைக் கண்டுபிடிக்கிறான், விஞ்ஞானத்தால் அதை எழுப்பவும் வழி இருக்கிறது. ஆனால் அவன் போன பிறகும் அது 12 வருடம் வாழ்ந்தது என்று தெரிந்ததும், 'என்னை மறந்து சந்தோஷமாக இருந்திருக்கும்' என்று விட்டுவிடுகிறான். பிறகு கடைசியில் நமக்கு மட்டும் காட்டுகிறார்கள்: அந்த 12 வருடமும் நாய் கடை வாசலில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மனிதனுக்கும் தெரியாது, நாய்க்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அந்தச் சுமையை இறக்கி வைக்க ஆள் இல்லாமல்தான் அழுகிறோம்.

சுருக்கமாக இந்த இரண்டும்: அது பேசாது, அதனால் அதன் பேச்சை நாம் பேசுகிறோம். அதற்குச் சொல்ல முடியாது, அதனால் அதன் துக்கத்தையும் நாமே வைத்துக்கொள்கிறோம். சோக இசை இதற்கு மேல் ஊற்றுகிற நெய் மட்டும்தான். இசையை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், அப்போதும் வேலை செய்யும்.

வெறும் கட்டுத்தறி

சினிமாவில் செய்ய முடியாத ஒன்றைத் தொடர் செய்யும். பழக்கம். நம்மைத் தெரியாத ஒருவரோடு, திரை வழியாக மட்டும், நமக்கு ஏற்படும் நெருக்கத்துக்கு ஒருதலை உறவு என்று பெயர், 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் டிவி பார்ப்பவர்களை வைத்து இதை எழுதிவிட்டார்கள். அப்பா தொலைந்துபோனது தொடரின் முப்பதாவது பாகத்தில். அதுவரை அது வீட்டு ஆள். நண்பர்கள் தூங்குவது அதன் வயிற்றில் சாய்ந்து, ஊர் ஊராகப் போவது அதன் முதுகில்.

அதன்பின் ஐந்து பாகங்கள் அது இல்லாமல் ஓடுகின்றன. பறந்தவர்கள் நடக்கிறார்கள். யாரையும் அடிக்க விரும்பாத ஆங், அப்பாவை விற்றவர்களைப் பார்த்ததும் ஆளே மாறிப்போகிறான். கூட இருக்கிற மோமோ என்ற சிறகு முளைத்த குட்டி லெமூர், ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் ஒரு பெரிய காலடித் தடத்தைக் கண்டுபிடிக்கிறது. அப்பாவின் தடம். அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறது. முதலில் ஒளிபரப்பானபோது அப்பா தொலைந்தது 2006 ஜூலையில், அதன் கதி தெரிந்தது அக்டோபரில். பிள்ளைகள் மூன்று மாதம் காத்திருந்தார்கள். இந்தப் பாகத்துக்கு அமெரிக்காவின் ஹ்யூமேன் சொசைட்டி என்ற விலங்குநல அமைப்பு ஜெனிசிஸ் விருது கொடுத்தது. விருதைவிட அந்த மூன்று மாதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இல்லாமை என்பது ஒரு இடமாகத் தெரிந்தால்தான் வலிக்கும். வீட்டில் மாடு விற்றவர்களுக்கு இது தெரியும். எங்கள் அய்யன் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார், வாங்குகிறவர் தன் கயிறு கொண்டு வர வேண்டும். கண்ணபுரம் சந்தையில் ஒரு மயிலைப் பசுவைக் கைமாற்றிவிட்டு வந்த அன்று, கழற்றிய கயிற்றைச் சுருட்டிக் கட்டுத்தறிச் சுவரில் ஆணியில் மாட்டினார். தொட்டியில் அதற்கு வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அன்றைக்கு மாட்டைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை

நாம் நிரப்புவது எல்லாம் விலங்கின் மனசில் உள்ளது என்று நினைத்துவிடக் கூடாது. 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் நாயின் 'குற்ற உணர்ச்சி முகத்தை' சோதித்தார். தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை, எஜமான் திட்டினால் அந்த முகம் வருகிறது. அதற்காக விலங்குக்கு உணர்ச்சியே இல்லை என்றும் ஆகிவிடாது. பயமும் பிரிவும் பழக்கமும் அதற்கு உண்டு என்பதற்கு மாடு வளர்க்கிற யாரிடமும் ஆய்வுக் கட்டுரை காட்டத் தேவையில்லை. ஆனால் திரையில் நாம் கேட்கிற வசனம் நம் வசனம்.

அடுத்த பாகத்தில் அப்பா ஆங்கிடம் திரும்பி வந்துவிடும், பயப்பட வேண்டாம். விலங்கைக் கொன்று அழவைப்பது குறுக்கு வழி என்பது என் அபிப்பிராயம், இந்தத் தொடர் அந்த வழியில் போகவில்லை.

அன்று சாயங்காலம் பால் கறக்க அம்மா கட்டுத்தறிக்குப் போனார், பையன் பின்னாலேயே போனான். சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்து, "இது ஆருதுங்க அம்மாயி?" என்றான். அவன் பிறக்கும் முன்னால் வித்த மயிலையுது என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அதுக்கு இன்னும் நம்மளை ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டான்.

"அந்தச் சொம்பை எடு கண்ணு" என்றார் அம்மா.